பனேலா யாரைப் பார்க்கிறாள்?

இது நடந்தது. அங்கே இருந்தவர்களில் ஐந்து பேர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். போதையில் கண்டிருப்பான் என்று யாரும் வாயைத் திறக்க வேண்டாம். அந்த மலையில் எங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது கறுப்புக் காபியும் வெல்லத் தண்ணீரும்தான். பயந்த சுபாவம் உள்ளவர்கள் படிக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். படியுங்கள். நான் மட்டும் ஏன் தனியாகப் பயந்து சாக வேண்டும்?

என் பெயர் செனோன். கொலம்பிய ராணுவத்தில் கண்ணிவெடி தேடும் குழுவில் இருந்தேன். அந்தியோக்கியா மலைகளில் கெரில்லாப் போராளிகள் பாதைக்குப் பாதை வெடி புதைத்து வைத்திருந்த காலம் அது. பிளாஸ்டிக் குழாயில் செய்வார்கள், ஜாம் பாட்டிலில் செய்வார்கள், ஊசி போடும் சிரிஞ்சை வைத்துக்கூடச் செய்வார்கள். இரும்பு பேருக்குக்கூட இருக்காது. என் கையில் இருந்த கருவியோ இரும்பை மட்டும்தான் கண்டுபிடிக்கும். ஆகவே எங்கள் எல்லாருடைய உயிரும் ஒரு நாயின் மூக்கில் இருந்தது. முதலில் நாய் போகும். அதன் பின்னால் நாயை நடத்துகிறவன். மூன்றாவது நான். மற்றவர்கள் என் காலடித் தடத்திலேயே கால் வைத்து வருவார்கள்.

ஆனால் இது என் கதை இல்லை. துவானின் கதை.

எங்கள் நாயின் பெயர் பனேலா. பனேலா என்றால் வெல்லக்கட்டி. நிறம் அப்படி. வெடி வாசனை வந்தால் குரைக்க மாட்டாள், தோண்ட மாட்டாள். அப்படியே உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து, திரும்பி, தன் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். அப்போது அவள் ஆள் ஒரு ரப்பர் பந்தை எடுத்துக் கொடுப்பான். அதுதான் அவள் கூலி. அந்தப் பந்தை அவன் ஒருவன்தான் கொடுக்கலாம். சோறும் அவன்தான் போட வேண்டும். வேறு யாரும் தடவிக் கொடுக்கக்கூடக் கூடாது. எங்கள் வேலையில் அது கண்டிப்பான சட்டம்.

அப்போது அவளுடைய ஆள் எலியேசர். எங்கள் அத்ராத்தோ ஆற்றுப் பக்கத்துக்காரன். என்னைப் போலவே கறுப்பு, என்னைவிட ஒரு முழம் உயரம். இடது கைக்காரன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக ஒரு விசில் அடிப்பான். இரண்டு சின்னது, ஒரு நீளம். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பனேலா பறந்து வந்துவிடுவாள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒரே தார்ப்பாய்க்குள் தூங்கினார்கள். மழையில் அவன் நனைந்தான், அவள் நனையவில்லை.

துவான் தொலிமா சமவெளிக்காரன். குட்டையான ஆள், நல்ல உழைப்பாளி. அவனும் நாய் நடத்தப் பழகியவன்தான். பயிற்சி முடியும் முன்னரே அவனுக்குக் கொடுத்த நாயைப் பாம்பு கடித்துவிட்டது. அடுத்த நாய் வரும்வரை எலியேசருக்கு எடுபிடியாக இருக்கச் சொன்னார்கள். பனேலாவின் தட்டைக் கழுவினான். அவளுக்குத் தண்ணீர் சுமந்தான். அவள் உண்ணியைப் பொறுக்கினான், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வேலை செய்தது இவன், கொஞ்சியது அவன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் அடுப்படியில் கேட்டேவிட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை அந்தப் பந்தை நான் குடுக்கட்டுமா?"

"உன் பொண்டாட்டிக்கு ஒரே ஒரு தடவை நான் முத்தம் குடுக்கட்டுமா?" என்றான் எலியேசர்.

முகாமே சிரித்தது. துவானும் சிரித்தான். அவன் காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அவன் மனைவி யாமிலே வாய்க்காரி. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் போடும் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்கும். "பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு சொல்றேன், நீ நாய்க்குக் கால் வீங்கியிருக்குன்றே! பேசாம அவளையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து. நான் தமாலே வித்துப் பொழைச்சுக்கிறேன்." அந்த ஊரில் அவள் வாழையிலையில் கட்டி அவித்து விற்கும் சோளமாவுத் தமாலே ரொம்பப் பிரசித்தம்.

மே மாதம் எலியேசர் செத்தான். வெடியில் இல்லை. பனேலா உட்கார்ந்தாள், அவன் மண்டியிட்டுப் பந்தை நீட்டினான், எதிர்மலையிலிருந்து ஒரே ஒரு குண்டு. கழுத்தில். ஹெலிகாப்டர் வரும்வரை அவள் அவன் மேல் படுத்திருந்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. கடைசியில் துவான்தான் தன் சட்டையை அவள் தலையில் போர்த்தித் தூக்கினான். அவன் அழுதான். பொய்யான அழுகை இல்லை. ஆனால் அன்றைக்கே, அந்த ஈரம் காயும் முன்னரே, சார்ஜென்ட் கல்வீஸ், "இனி பனேலா உன் பொறுப்பு" என்றபோது அவன் முகத்தில் வந்ததே ஒரு வெளிச்சம்... அதையும் நான் பார்த்தேன்.

எங்கள் ஆற்றுப் பக்கத்தில் ஒருவன் செத்தால் ஒன்பது இரவு கூடிப் பாடுவோம். வெள்ளைத்துணி விரித்த ஒரு மேடை, மெழுகுவத்தி, செத்தவன் குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர். ஒன்பதாம் இரவு மேடையைப் பிரித்து, விளக்கை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, "போ, திரும்பி வராதே" என்று அனுப்பி வைப்போம். அவனுக்கு உயிரானவர்கள் எல்லாரும் அங்கே நிற்க வேண்டும். நின்று விடை கொடுக்க வேண்டும். அதில் ஒருத்தர் குறைந்தாலும் அவன் போகமாட்டான். அவரைத் தேடிப் போய்விடுவான்.

எலியேசரின் வீட்டார் ஆற்றங்கரையில் அதைச் செய்தார்கள். ஆனால் அவனுக்கு உயிரானவள் எங்கள் முகாமில் அல்லவா இருந்தாள்! அதனால் நாங்களும் செய்தோம். குண்டுப் பெட்டிதான் மேடை. ஒவ்வொரு காலையும் கிளாஸில் ஒரு விரல் தண்ணீர் குறைந்திருக்கும். எங்களுக்கு அது திருப்தி. வந்து குடித்துவிட்டுப் போகிறான்.

ஒன்பதாம் நாள் துவானிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னிக்கு ராத்திரி பனேலாவைக் கூட்டிட்டு வந்து நிறுத்து."

"நாய்க்கு என்னடா ஜெபம்?"

"அவனுக்கு அவதான்டா எல்லாம். அவ விடை குடுத்தாதான் போவான்."

"சரி சரி, கொண்டு வரேன்."

கொண்டு வரவில்லை. நாங்கள் பாடினோம். காத்திருந்தோம். மேடையைப் பிரித்தோம். தார்ப்பாய்க் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். காற்று அசையவில்லை. போனவன் மாதிரியே தெரியவில்லை எனக்கு.

காலையில் பார்த்தால் கிளாஸில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே துவான் பனேலாவைக் கட்டி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்தது.

"ஏன்டா வரல?"

"இப்பத்தான்டா என் கையில ஒரு வாய் வாங்கித் தின்னா. அங்க கூட்டிட்டு வந்து பழசெல்லாம் ஞாபகப்படுத்தச் சொல்றியா? என்னால முடியாது."

"தட்டுல தண்ணி ஊத்தலையா?"

"ராத்திரி நிறைச்சு வச்சேனே... குடிச்சிருப்பா."

பனேலாவின் மூக்கு உலர்ந்து, உதடு வெடித்திருந்தது. அவள் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. மோப்பம் பிடிப்பாள், உட்காருவாள், திரும்பிப் பார்ப்பாள். ஆனால் துவானைப் பார்க்கமாட்டாள். அவனுடைய இடது தோளுக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில் பார்ப்பாள். வாலை ஆட்டுவாள். துவான் பந்தை நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் வாங்குவாள், அவனைச் சுற்றிக்கொண்டு போவாள், யாரும் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பாள்.

மூன்றாவது ஆள் நான் என்று சொன்னேனே. அவள் பார்த்துக்கொண்டிருந்த இடம் எனக்கும் துவானுக்கும் நடுவில். என் முகத்துக்கு நேரே.

சாப்பாடும் அப்படித்தான். தட்டை வைத்தால் தொடமாட்டாள். பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தை நிமிர்ந்து பார்ப்பாள். யாரோ 'ம்' என்று சொன்ன மாதிரி, சட்டென்று குனிந்து தின்பாள். துவான் தன் பங்குச் சாஸேஜ் முழுவதையும் அவளுக்கே போட்டான். ஊரிலிருந்து யாமிலே அனுப்பிய கம்பளியை அவளுக்கு விரித்தான். அவள் கம்பளியில் படுக்கவில்லை. பக்கத்து மண்ணில், ஒரு ஆள் படுக்க இடம் விட்டுப் படுத்தாள்.

ஒரு மாலை, ஐந்தே முக்கால் இருக்கும். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. துவான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "நீயே பாருடா" என்றான்.

பனேலா மல்லாந்து படுத்திருந்தாள். நாலு காலும் மேலே. கண் சொருகிக் கிடந்தது. அவள் வயிற்று மயிர்... மேலிருந்து கீழே பிரிந்தது. பிறகு கீழிருந்து மேலே. விரல் கோதுகிற மாதிரி. காற்றே கிடையாது.

நான் இரண்டடி பின்னால் போனேன். துவானுக்குப் பயம் வரவில்லை. அவனுக்கு வந்தது ஆத்திரம்.

"பாத்தியா? செத்தும் அவனே தடவுறான். நான் தொட்டா எழுந்து போயிடுறா."

"துவான், இன்னொரு தடவை மேடை கட்டிடுவோம்டா. அவளைக் கொண்டு வந்து நிறுத்தி அனுப்பிடுவோம்."

"அவ அவன்கூடவே ஓடிட்டா?"

"ஓடமாட்டா."

"உனக்கென்ன தெரியும்? செத்தவன்கிட்ட கெஞ்சி வாங்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? அவ என்னைப் பாக்கணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, திரும்பி, என் மூஞ்சியைப் பாக்கணும். அது போதும்டா எனக்கு."

சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. கட்டின மனைவி பாராமுகமாக இருந்தாலும் ஒருவன் இப்படி நொந்துபோக மாட்டான்.

பிறகு பனேலாவுக்குக் காய்ச்சல் வந்தது. உண்ணிக் காய்ச்சல். மழையில் ஹெலிகாப்டர் வரவில்லை. துவான் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சாஸேஜை மென்று கூழாக்கி வாயில் ஊட்டினான். வெல்லத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். அவன் தூங்கி நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. பனேலா கண்ணைத் திறந்தாள். அவன் உள்ளங்கையை நக்கினாள். பிறகு தலையைத் தூக்கி...

அவன் முகத்தைப் பார்த்தாள்.

தோளுக்கு மேலே இல்லை. நேராக, அவன் கண்ணுக்குள்.

துவான் முகாமைச் சுற்றி ஓடினான். சமையல்காரனைக் கட்டிப் பிடித்தான். என்னையும் கட்டிப் பிடித்தான். "என்னைப் பாத்தாடா! என்னைத்தான்டா!" சார்ஜென்ட் கல்வீஸ்கூடச் சிரித்துவிட்டார். "போடா பைத்தியக்காரா, போய்க் குளி. நாயைவிட நீதான் நாறுறே" என்றார்.

அன்று மாலை. அதே ஐந்தே முக்கால்.

விசில் கேட்டது.

இரண்டு சின்னது. ஒரு நீளம்.

அடுப்படியில் இருந்த எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். சோற்றுக் கரண்டி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எவன்டா அது? இதுல எல்லாம் விளையாடாதீங்கடா, சொல்லிட்டேன்" என்றார் சார்ஜென்ட். ஆட்களை எண்ணினார். எல்லாரும் அவர் கண் முன்னால்தான் இருந்தோம். எங்களில் யாருக்கும் பல்லில் சந்து கிடையாது.

பனேலா எழுந்து நின்றாள். வால் ஆடவில்லை. நடுங்கினாள். துவானின் இரண்டு காலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டாள். துவான் குனிந்து அவள் தலையைத் தடவினான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தான். ஜெயித்துவிட்ட சிரிப்பு. "இப்ப எப்படி இருக்கு அண்ணே?" என்று காட்டைப் பார்த்துச் சொன்னான்.

சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை நாளும் பொறாமை உயிரோடு இருந்தவனுக்கு. அன்றிலிருந்து அது இடம் மாறிவிட்டது.

மறுநாள் காலை துவானின் வலது மணிக்கட்டில், கயிறு பிடிக்கிற கையில், நாலு விரல் தடம். நீலமாக. நீளமான விரல்கள். "கயிறு இறுக்கினது" என்றான். அடுத்த நாள் விசில் இன்னும் கிட்டே கேட்டது. அதற்கடுத்த நாள் கொட்டகைக்குப் பின்னாலிருந்தே கேட்டது. பனேலா ராத்திரி முழுக்க துவானின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினாள். துவான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருட்டைப் பார்த்து முறைத்தபடி கிடந்தான்.

"மேடை கட்டிடலாம்டா" என்று மறுபடியும் கெஞ்சினேன்.

"அவ என்னைப் பாக்குறாடா இப்ப. இனி என்னத்துக்கு?"

லா கபூயா என்று ஒரு மலையடிவாரக் குடியிருப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் வெடி இருக்கிறது என்று ஊரே காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அந்தப் பாதையைத் திறக்கக் கிளம்பினோம். காலை ஒன்பது மணி. மூடுபனி. ஏழெட்டு அடிக்கு மேல் ஒன்றும் தெரியாது.

பனேலா. துவான். நான். எனக்குப் பின்னால் சார்ஜென்ட். அவருக்குப் பின்னால் ஆறு பேர்.

பாதைக்கு இடது பக்கம் இடுப்பளவு பெரணிப் புதர். வலது பக்கம் பள்ளம்.

பனேலா உட்கார்ந்தாள்.

திரும்பினாள். துவானைப் பார்த்தாள். துவானை மட்டும். அவன் ஆசைப்பட்ட அதே பார்வை. பந்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

விசில்.

இடது பக்கம். பெரணிக்குள். பத்தடிகூட இருக்காது.

பனேலா எழுந்துவிட்டாள்.

"உட்கார்!" என்றான் துவான்.

விசில்... மறுபடியும்.

அவள் ஒரு காலைப் பாதைக்கு வெளியே வைக்கத் தூக்கினாள். துவான் அப்படியே அவள் மேல் விழுந்தான். அமுக்கிக் கட்டிக்கொண்டான். அவள் குழந்தை மாதிரி அழுதாள். நாய் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"யாரும் அசையாதீங்க" என்றார் சார்ஜென்ட்.

அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன்.

அவள் கழுத்துப் பட்டையில் கட்டிய கயிறு. அதன் மறுமுனை துவான் கையிலிருந்து நழுவியிருந்தது. அது தரையில் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை.

இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. பாதையிலிருந்து... பெரணிக்குள்... பனிக்குள்.

இழுபட்டது.

ஒரு சாண். இன்னொரு சாண்.

துவானும் பனேலாவும் சேர்ந்து நகர்ந்தார்கள். அவன் குதிகாலை மண்ணில் ஊன்றினான். மண் பெயர்ந்தது. அவள் முன்கால் பாதையின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

நான் அவன் பெல்ட்டைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது.

"அண்ணே, விடுண்ணே!" துவான் கத்தினான். "செத்துருவாண்ணே! இவ செத்துருவா!"

நிற்கவில்லை.

"அவளை விட்டுரு... எடுத்துக்கணும்னா என்னை எடுத்துக்கோ!"

கயிறு தொப்பென்று விழுந்தது.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு...

சரக். சரக். சரக்.

ஈரப் பெரணியை விலக்கிக்கொண்டு நடக்கிற சத்தம். உள்ளேயிருந்து. எங்களைப் பார்த்து. அவசரமே இல்லாமல்.

பாதை ஓரத்தில் வந்து நின்றது.

யாரும் இல்லை.

துவானின் தலை குனிந்தது. உடம்பு ஒரு தடவை உதறியது. பெல்ட்டைப் பிடித்திருந்த என் கைக்கு அவன் திடீரென்று கனத்தான். இரண்டு ஆளைப் பிடித்த மாதிரி.

மெதுவாக எழுந்தான். பனேலாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் அவன் மேல் தாவி ஏறி முகமெல்லாம் நக்கினாள். பந்தை எடுத்துக் கொடுத்தான்.

இடது கையால்.

மறுநாள் பொறியாளர் குழு வந்து அந்தப் பெரணிப் புதரைக் கிளறியது. ஒரு கோழி நடக்கக்கூட இடமில்லாத அளவுக்கு வெடி. ஒன்றும் வெடிக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குப் புல் நசுங்கிக் கிடந்தது. உள்ளே போன தடமும் இல்லை, வெளியே வந்த தடமும் இல்லை.

அதன் பிறகு விசில் கேட்கவேயில்லை. துவானும் பனேலாவும் ஓர் உயிர் மாதிரி வேலை செய்தார்கள். பாராட்டுக்கூட வந்தது. நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அவன் எடுப்பதில்லை. "யாரோ யாமிலேயாம், உன்னைத்தான் கேக்குறா" என்று மற்றவர்கள் கேலி செய்தபோது, அவனும் கூடச் சிரித்தான்.

பனேலாவுக்கு வயதாகி மூக்கு மங்கியதும், துவான் ராணுவத்தை விட்டு அவளையும் அழைத்துக்கொண்டு தொலிமா போனான். அடுத்த டிசம்பரில் அவனைப் பார்க்கப் போனேன். வெயில் கொளுத்தும் மதியம். அவன் கொல்லைப்புறத்தில் மாமர நிழலில் பனேலாவுக்கு எலும்பு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். யாமிலே என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். போனில் ஊரையே சிரிக்க வைத்த அந்த வாய்க்காரி, கிசுகிசுவென்று பேசினாள்.

"அங்க என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க."

"ஏன்? என்ன?"

"துவான் என்னை 'ஏய் யாமி'ன்னுதான் கூப்பிடுவான். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே. இந்த ஆளு என்னை, யாரோ அசலூர் அம்மாவைக் கூப்பிடுற மாதிரி, 'தோன்யா'ன்றாரு. 'தோன்யா யாமிலே, உங்களுக்குச் சிரமம் குடுக்குறேன்'னு தட்டைத் தானே கழுவி வைக்கிறாரு. என் கட்டில்ல படுக்க மாட்டேங்குறாரு. கொல்லையில நாய்கூடத்தான் படுக்குறாரு."

"போர்ல இருந்து வந்தவங்க அப்படித்தான் கொஞ்ச நாள்..."

"பொண்ணு ஓடிப் போய் மடியில ஏறுனா, எறக்கி விட்டுட்டு என்கிட்ட வந்து கேட்டாரு: 'அழகான குழந்தை. யாரோட பொண்ணு?'"

கதவு இடுக்கு வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தேன்.

"நாய் மேல எனக்கு எவ்வளவு கடுப்பு இருந்துச்சு தெரியுமா? இப்ப நாயைக் கும்பிடத் தோணுது. ஏன்னா ராத்திரியில எப்பவாச்சும் அந்த ஆளு தூங்கிட்டாருன்னா, நாய் மட்டும் முழிச்சிருக்கும். அப்ப கிட்டப் போனா துவான் குரல் கேக்கும். தூக்கத்துல. சின்னக் குரல்ல. 'பனேலா, இங்க பாரு. என்னைப் பாரு'ன்னு."

"அது பாக்குதா?"

"எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாள்ல கிளம்பிடுறேன் தோன்யான்னு தினமும் சொல்றாரு. கிளம்பட்டும். நாயையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும். போகும்போது என் துவானை எனக்குக் குடுத்துட்டுப் போவாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன், கிளம்பினேன்.

ஜனவரியில் யாமிலே போன் செய்தாள். காலையில் எழுந்தால் ஆளும் இல்லை, நாயும் இல்லை. கிப்தோ பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிப்தோ என் ஊர். எலியேசரின் ஆற்றுக்கும் அதுதான் வழி. அந்த பஸ்ஸின் கண்டக்டரை நானே தேடிப் பிடித்தேன். சின்னப் பையன் இல்லை, விவரமான ஆள்தான். நன்றாக ஞாபகம் வைத்திருந்தான்.

"ஒரு குட்டை ஆளு, ஒரு பழுப்பு நாய், ரெண்டு பை. கிப்தோவுக்கு முன்னாடி, காட்டுக்குள்ள நிறுத்தச் சொன்னாரு. வீடு வாசல் ஒண்ணும் கிடையாது, கீழ ஆறுதான். நிறுத்துனேன். ஆனா..."

"ஆனா?"

"ஏறும்போது ஒரு ஆளுண்ணே. எறங்கும்போது ரெண்டு பேரு."

மதிய வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

"முன்னாடி நெட்டையா ஒரு கறுப்பு ஆளு. கையை வீசிக்கிட்டு நடந்தாரு. நாய் அவரு முழங்காலை ஒட்டிக்கிட்டு, அண்ணாந்து அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டுப் போச்சு. அந்தக் குட்டை ஆளு ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனாரு. நாய் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே ஓடுனாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"நாய் திரும்பிப் பாத்துச்சா?"



"இல்லண்ணே. ஒரு தடவைகூடத் திரும்பல."